ஸம்ஸியாவுக்கு ஏற்றிய இரத்தம்

1982 மார்ச் 2, செவ்வாய், காலை 9.40. ஆஸ்பத்திரி ஆய்வுகூடம். விரல் குத்திப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 5.1.

ஸம்ஸியா, வயது எட்டு, தலசீமியா. மாதம் ஒருமுறை இரத்தம் ஏற்றாவிட்டால் தாங்கமாட்டாள். இன்று கண் நல்ல மஞ்சள், சிறுநீர் சாயத் தேத்தண்ணீர் நிறம். ஈரலில் வைரஸ் என்கிறார் டொக்டர். ஒரு வருடமாக இவளுக்கு ஏற்றியது இரண்டே பேரின் இரத்தம்: மருதமுனை நெசவாளியான வாப்பா பக்கீர் முகைதீன், அவர் தம்பி, சாச்சா சரீப். மூவரின் சீரத்தையும் கொழும்புக்கு அனுப்புகிறேன்.

வாப்பாவிடம் நேரே சொன்னேன். "காக்கா, உங்கட ரெண்டு பேர்ல ஒராள்ற ரெத்தத்தாலதான் வந்திருக்கு."

"என்ட ரெத்தமா தம்பி?" தன் கை நரம்பைத் திருப்பிப் பார்த்தார்.

சொன்னதில் என்ன பிழை?

மார்ச் 30

ஸம்ஸியாவின் முறைநாள். வரவில்லை.

ஏப்ரல் 3

சரீப் மட்டும் வந்தார். "காக்கா கைய நீட்டமாட்டாராம். புள்ளைக்கு நஞ்ச ஏத்திட்டனே எண்டு அழுறாரு. தறியிலயும் இருக்கிறல்ல. என்னையும் குடுக்க விடுறாரில்ல."

வேறு ஆளைப் பிடிக்கச் சொன்னேன்.

"ஆரு தருவா? ரெத்தம் குடுத்தா ஆம்புளத்தனம் போயிருமெண்டு மருதமுனையே ஓடுது."

மார்ச் 2இல் ஏற்றியதோடு சரி; இது ஐந்தாவது வாரம். இப்போது என்ன இருக்கும், நாலு? மூன்று?

ஏப்ரல் 6

கொழும்பிலிருந்து முடிவு வந்தது. ஸம்ஸியாவுக்கு ஈரலைத் தாக்கும் பி வைரஸ் உண்டு. மற்ற இருவருக்கும் இல்லை. இல்லை! அப்போ எங்கிருந்து?

வார்டில் ஊசி அவிக்கும் செல்லத்தம்பி அண்ணன் மேல் பாய்ந்தேன். ஒழுங்காக அவிப்பதில்லையா?

"அரை மணித்தியாலம் கொதிக்க விடுறன் தம்பி. போதாட்டி என்னையும் சேத்து அவியுங்க. நீங்க விரல் குத்துற ஊசிய மட்டும் நான் அவிச்சதில்ல. நீங்க தந்ததில்லையே."

ஆய்வுகூட மேசைக்குத் திரும்பி அந்த ஊசியை எடுத்துப் பார்த்தேன்.

ஒரே ஊசி. ஒருவர் விரலில் குத்தி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அடுத்தவருக்கு. நான் தொழில் பழகிய இடத்திலும் அப்படித்தான் காட்டினார்கள். ஒரு துடைப்பில் இந்த வைரஸ் சாகாது என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவன் நான் — என்ட கைக்கு அது தெரியாமப் போச்சா?

பதிவேட்டைப் புரட்டினேன். நவம்பர் 17: பதியுதீன், காமாலை. அடுத்த வரி ஸம்ஸியா. இரண்டும் என் கையெழுத்து.

ஏப்ரல் 7, காலை 5.30

1. முதல் பஸ்ஸில் மருதமுனை. பக்கீர் முகைதீன் காக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்வது: உங்கள் இரத்தத்தில் ஒன்றுமில்லை, ஊசி என்னுடையது. அடித்தால் வாங்குவது.
2. அவரையும் பிள்ளையையும் கையோடு கூட்டிவருவது. இன்றே ஏற்ற வேண்டும்.
3. ஆளுக்கோர் ஊசி. இருப்பது பதினொன்று. அவை தீர்ந்தால், செல்லத்தம்பி அண்ணன் அவித்துத் தரும்வரை எவர் விரலையும் தொடுவதில்லை.
4. டொக்டருக்கு எழுத்தில் கொடுப்பது. நவம்பர் 17இல் ஸம்ஸியாவுக்குப் பிறகும் அதே ஊசியால் ஒன்பது பேருக்குக் குத்தியிருக்கிறேன். தேடிப் போவது. முதல் பெயர் சபூறா, ஊர் பாலமுனை. ஏழு மாதக் கர்ப்பிணி என்று அன்று எழுதியிருக்கிறேன். இப்போது பிறந்திருக்கும் பிள்ளையின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும்.