பதினோராம் மாதத்தில் போன டர்போ

சின்னமனூர்
10.2.2025

அஷ்ரப்,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. திராட்சைச் சங்கத் தேர்தலில், உன் ஒரு ஏக்கர் கொடியை வைத்துக்கொண்டு நீ எனக்கு எதிராக ஓட்டுப் போட்டதிலிருந்து ஏழு வருஷமாக உன்னோடு பேசவில்லை. அதை நான் மறக்கவும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்து டீசல் என்ஜினை ஒழுங்காகக் கழற்றத் தெரிந்த ஒரே ஆள் நீயாக இருந்து தொலைக்கிறாய்.

போனில் சொன்னதை இன்று எவனும் சொன்னதாக ஒத்துக்கொள்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் சொல்.

இந்தக் கடிதத்தோடு இழுத்துவரப்படுவது என் புது பிக்கப். வாங்கிப் பதினோரு மாதம். இருப்பதிலேயே மட்டமான மாடலைக் காட்டுங்கள் என்றேன். ஒன்பதே முக்கால் லட்சம் என்றார்கள். ஏ.சி. கிடையாது, ரேடியோ கிடையாது, கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும். டர்போ இல்லாத என்ஜின் இருக்கிறதா என்றேன். "அதெல்லாம் உங்க அப்பா காலம் சார்" என்று விற்பனையாளர் சிரித்தார். அந்த டர்போதான் போன வாரம் மேகமலை ஏற்றத்தில், எஸ்டேட்டுக்குப் போன அரிசி மூட்டைகளோடு, நீலப் புகை கக்கி நின்றது. வாரண்டி கிடையாது என்கிறார்கள். ஓட்டுநரின் தவறாம்.

ஓட்டுநர் உனக்குத் தெரிந்த சுருளியாண்டிதான். பதினான்கு வருஷமாக என்னிடம் இருந்தான். அன்றைக்கே நிறுத்திவிட்டேன். அவன் மாமனார் நாலு பேரைக் கூட்டிவந்து, "எங்க மாப்பிள்ளை மேல என்ன தப்பு? நிரூபிங்க பாப்பம்" என்று வாசலில் நிற்கிறார். கழற்றிப் பார்த்து, ஓட்டுநரின் தவறு என்று உன் பட்டறைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அவர்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும்.

அ. வேல்பாண்டி


கம்பம்
14.2.2025

அன்புள்ள வேல்பாண்டி,

ஏழு வருஷம் கழித்து வந்த கடிதத்தில் ஒரு 'அன்புள்ள' கூட இல்லையே என்று என் மனைவி சுபைதா சிரிக்கிறாள். நாங்கள் நலம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது மாப்ளே?

டர்போவைக் கழற்றினேன். தண்டு ஆடுகிறது. அதைத் தாங்கும் பேரிங்கில் ஆயில் கருகிக் கரியாக ஒட்டியிருக்கிறது. ஏற்றம் ஏறிய சூட்டோடு என்ஜினைச் சட்டென்று நிறுத்தினால் இப்படி ஆகும். என்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போ விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், ஆயில் வருவது நின்றுவிடும். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்தினால் வருஷக்கணக்கில் உழைக்கும். இது ஒரு நாளில் வந்த சேதம் இல்லை, மாதக்கணக்காக நடந்திருக்கிறது.

இனிமேல்தான் சங்கடமான விஷயம். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு அறிவிப்பு, உன் அழகான கையெழுத்தில்: 'வண்டி நின்ற மறுநொடி என்ஜினை நிறுத்தவும். சும்மா ஓடும் ஒவ்வொரு நிமிடமும் என் பணம். மீறினால் வேலை போகும். அ. வேல்பாண்டி, எம்.எஸ்சி.' மூலைகளில் பழைய பசை. பழைய வண்டியிலிருந்து உரித்து இதில் ஒட்டியிருக்கிறாய். அந்த வண்டிக்கு டர்போ இல்லை, பாதகமில்லை. இதற்கு இருக்கிறது.

நீ கேட்ட தாளில் என்னவென்று எழுதட்டும்?

அன்புடன்
அஷ்ரப்


சின்னமனூர்
17.2.2025

அஷ்ரப்,

டர்போவைச் சோதிக்கத்தான் சொன்னேன், என் கையெழுத்தை அல்ல.

பத்து லட்சத்தை எண்ணி வாங்கிய விற்பனையாளன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? ஆங்கிலத்தில் இருநூறு பக்கப் புத்தகம் ஒன்றைக் கையில் திணித்தான். அதில் தொண்ணூறாம் பக்கத்தில் இருக்கிறது; நேற்றுத்தான் பார்த்தேன். மூட்டை சுமக்கிற வண்டியைப் பச்சைப் பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல ஆற்றி ஆற்றித்தான் நிறுத்த வேண்டும் என்றால் அது என்ன வண்டி? கல்லூரியிலும் இப்படித்தான். சொல்ல வேண்டியதை எவரும் எனக்குச் சொல்லாமல், விரிவுரையாளர் வேலையை இன்னொருவனுக்குக் கொடுத்தார்கள். அவன் இன்று முதல்வர். நான் வாழைத்தார் ஏற்றுகிறேன்.

சரி, ஒட்டியது நான்தான். தினமும் ஏறி இறங்குகிறவனுக்கு வாய் இல்லையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லாமல் இருந்ததும் தவறுதான். அப்படியாவது எழுதிக் கொடு.

அ. வேல்பாண்டி


கம்பம்
20.2.2025

அன்புள்ள வேல்பாண்டி,

அப்படியும் எழுத முடியாது. தீபாவளிக்கு முன்னால் சுருளியாண்டி என் பட்டறைக்கு வந்தான். "மலையேறயில விசில் மாதிரி சத்தம் வருதுண்ணே" என்றான். ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துடா என்றேன். "அண்ணன் எழுதி ஒட்டியிருக்காகளே" என்றான். போய்ச் சொல்லு என்று அனுப்பினேன். சொல்லியிருக்கிறான். "ஏலே, எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சது நீயா, நானா?" என்று கேட்டாயாம். அதோடு அவன் வாயை மூடிக்கொண்டான்.

கல்லூரியில் எனக்கு வெப்பவியல் சொல்லிக்கொடுத்துப் பாஸாக்கியவன் நீ. சூடு எங்கே போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கத் தேர்தலில் உனக்கு ஓட்டுப் போடாததும் இதனால்தான் மாப்ளே. யார் பேசினாலும் உன் காதில் ஏறாது.

வேறு டர்போ மாட்டிவிட்டேன். கூலி வேண்டாம். அந்த அறிவிப்பை நான் தொடவில்லை. நீயே வந்து கிழி. பிறகு அவன் வீட்டுக்குப் போ.

அன்புடன்
அஷ்ரப்


சின்னமனூர்
2.3.2025

அன்புள்ள அஷ்ரப்,

வெள்ளிக்கிழமை நீ ஜும்மா தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்துதான் வண்டியை எடுத்தேன். அறிவிப்பைக் கிழித்தேன். பசை லேசில் போகவில்லை.

அப்படியே சுருளியாண்டி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி பிச்சையம்மாள் காப்பி கொடுத்தாள். கேட்காமலே சர்க்கரை போடாமல் கொண்டுவந்தாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பதினான்கு வருஷத்தில் என் முன்னால் ஒரு தடவைகூட உட்காராதவன், நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். இப்போது ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறானாம்.

"வண்டி ரெடியாயிருச்சு. திங்கக்கிழமை வந்துரு" என்றேன்.

"வரலண்ணே."

"தப்பு என் மேலதான்லே. போதுமா?"

"அது அன்னைக்கே தெரியும்ண்ணே. நீங்க நிறுத்தச் சொன்னா நிறுத்துவேன், ஓடவிடச் சொன்னா ஓடவிடுவேன். நாளைக்கு மலையில பிரேக்குல சத்தம் வந்தாலும் உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. அதான் வரல."

அவன் மாமனாரையும் அந்த நாலு பேரையும் வரச்சொல்லி, அவர்கள் முன்னாலும் என் தவறு என்று சொன்னேன். ஜெயித்துவிட்டவர்போல அவர் தலையாட்டியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இப்போது நானேதான் ஓட்டுகிறேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவிலும் முதுகு உயிரை எடுக்கிறது. ஓட்டுநர் வேண்டும். உனக்குத் தெரிந்து யாராவது இருந்தால் எழுது. சம்பளம் கூடக் கேட்டாலும் பரவாயில்லை. எதிர்த்துப் பேசுகிறவனாக இருக்க வேண்டும்.

நோன்பு தொடங்கியிருக்கும். வெயிலில் பட்டறையில் நிற்காதே.

வேல்பாண்டி