பெட்ரோல் போட்டுக்கினு வரேன்

ஜூன் 1, ஞாயிறு

நாளை எங்கள் பெண் அம்முலுவுக்கு எல்.கே.ஜி. முதல் நாள். சுகிர்தாவுக்கும் நாளைதான் வேலையில் முதல் நாள். ஒரகடம் பக்கம் கம்பெனி, விடிவதற்குள் வேன் வந்துவிடும். பிள்ளை பிறந்தபோது விட்ட வேலை, இப்போது திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெண் பள்ளிக்கூடத்தில் நின்றால்தான் இவள் வேலையில் நிற்கலாம். நான் போர்வெல் மோட்டார் மெக்கானிக், எந்த நேரம் எவர் நிலத்தில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த வீட்டில் என் அக்கா மார்த்தாள் இருக்கிறாள், அவளும் நடவுக்குப் போகிறவள்.

சர்ச்சிலிருந்து வந்ததும் அம்முலு புதுப் பையை மாட்டிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினாள். பை நடக்கிறதா பிள்ளை நடக்கிறதா என்று தெரியவில்லை.

ஜூன் 2, திங்கள்

பிள்ளை தூங்கும்போதே சுகிர்தா வேன் ஏறிவிட்டாள். அக்கா கொடுத்த யோசனை: "சொல்லிக்கினு போனா அயும். கண்ணுல படாம பூடு." எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். அம்முலு எழுந்து அம்மா எங்கே என்று கேட்டாள். கடைக்கு என்றேன்.

பள்ளிக்கூட வாசலில் என் காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பா பெட்ரோல் போட்டுக்கினு வந்துடறேன், இங்கயே இரு" என்றேன். விட்டுவிட்டாள். அவ்வளவுதான் விஷயம்! டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டேன்.

ஜூன் 4, புதன்

வாசலில் இன்றும் பெட்ரோல் என்றேன். "நேத்துதான போட்ட?" என்று கேட்டாள் அம்முலு.

வண்டி ரொம்பக் குடிக்கிறது என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

ஜூன் 5, வியாழன்

சாயங்காலம் பத்மஜா டீச்சர் நிறுத்திவைத்துச் சொன்னார். "பாப்பா கிளாஸுக்குள்ளயே வர்றதில்லைங்க. கேட் கிட்டயே உக்காந்துடுது. சாப்பாட்டையும் தொடல. உள்ள வாம்மான்னா, 'அப்பா பெட்ரோல் போடப் போயிருக்கு, நான் உள்ள போயிட்டா தேடும்'னு சொல்லுது. இப்படியே இருந்தா அடுத்த வருஷம் சேத்துக்கலாமே."

நான் தேடுவேனாம். நாலு நாளாக எனக்காகக் காத்திருக்கிறாள். டேய் அருள்தாஸ், நீயெல்லாம் ஒரு மனுசனா? புள்ள பசியோட குந்திக்கினு கீது, நீ சாலவாக்கத்துல மோட்டார் கயட்டிக்கினு கீற!

சுகிர்தா கேட்டதும் அழுதாள். "நான் நின்னுடறேன்" என்றாள். எவ்வளவு ஆசையாகப் போன வேலை. "வேலைய வுட வேணாம். நாம வுட வேண்டியது பொய்ய" என்றேன். இனிமேல் இந்த வீட்டில் யாரும் சொல்லாமல் கிளம்பக் கூடாது.

ஜூன் 6, வெள்ளி

சுகிர்தா அவளை எழுப்பி உட்காரவைத்துச் சொன்னாள்: "அம்மா கம்பெனிக்குப் போறேன். இருட்டறதுக்குள்ள வந்துடுவேன்." பிள்ளை வேன் பின்னாலேயே தெருக்கோடி வரை ஓடினாள். தூக்கிக்கொண்டு வந்தேன்.

பள்ளிக்கூடத்தில் அதைவிட மோசம். "அப்பா வேலைக்குப் போறேன். மணி அடிச்சா இதே வாசல்ல நிப்பேன்" என்றேன். வீல் என்று கத்தி என் கையைக் கடித்தாள். சட்டைப் பொத்தான் அவள் கையோடு போய்விட்டது. அவள் பார்க்கப் பார்க்கவே வண்டியை எடுத்தேன். பின்னால் கேட்ட அழுகை வேலை முடியும்வரை காதில் இருந்தது.

மணி அடிப்பதற்கு முன்பே போய் நின்றேன்.

அக்கா விஷயம் கேள்விப்பட்டு வந்து சண்டை பிடித்தாள். "கொயந்தைய அய வுட்டுட்டுப் போறியே, ஒனக்கு இன்னா கல்லு மனசா? முன்னமாரியே ஏமாத்திட்டுப் போனா இன்னா?" என்றாள். கல் மனசாகவே இருக்கட்டும்.

ஜூன் 9, திங்கள்

கடித்த இடம் வீங்கியிருக்கிறது. இன்றும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

சுந்தரவரதன் சார் நிலத்து போர்வெல்லில் மோட்டாரின் காயில் எரிந்துபோயிருந்தது. பாதி பைப் மேலே வந்திருந்தது. பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது. பைப் உள்ளே நழுவாமல் கிளாம்பை இறுக்கிப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

"என்னப்பா, மோட்டாரைப் பாதியில தொங்க விட்டுட்டுப் போறே? அங்க நாத்து காயறது!" என்றார்.

"கிளாம்ப் போட்டா மோட்டாரு எவ்ளோ நேரம் வேணா தொங்கும் சார். எம் பொண்ணுக்கு கிளாம்ப் கெடையாது."

முறைத்தார். அம்முலுவை வண்டியின் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு திரும்பப் போய், வேறு மோட்டார் இறக்கி, பொழுது சாய்வதற்குள் முடித்துக் கொடுத்தேன். தண்ணீர் வந்ததும் அவர் முகம் தெளிந்தது. அம்முலுவுக்கு ஒரு மாம்பழம் கொடுத்தார்.

ஜூன் 18, புதன்

வகுப்புக்குள் உட்காருகிறாளாம், ஜன்னல் ஓரம் மட்டும். அங்கிருந்து வாசல் தெரியும். இன்று சாப்பிட்டாளாம். டீச்சர் இப்போது அடுத்த வருஷப் பேச்சே எடுப்பதில்லை.

அழுகை மட்டும் தினமும் உண்டு. அழட்டும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று தாமதமாகிவிட்டது. மாகறலிலிருந்து வரும் வழியில் பின் டயர் பஞ்சர். ஒரு கடையும் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். எல்லாம் போச்சு, இத்தனை நாள் சேர்த்தது ஒரு ஆணியில போச்சு. ஆண்டவரே, இன்னிக்கா?

போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடமே காலி. படிக்கட்டில் டீச்சரும் அவளும் மட்டும். அம்முலு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் ஈரமே இல்லை.

"அயலியா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு? பெட்ரோல் போடறேன்னா சொன்ன? வேலைக்குன்னுதான சொன்ன. வேலைன்னா வந்துடுவ."

டீச்சர் முன்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், வேர்வையைத் துடைப்பதுபோல்.

ஜூலை 1, செவ்வாய்

சுகிர்தா எழுப்பினாள். "தெரிம், போய்ட்டு வா" என்று அம்முலு போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். வேன் ஹாரன் அடிக்கிறது, சுகிர்தா நகரவில்லை. "இன்னொரு தபா எயுப்பட்டுமா?" என்று என்னைக் கேட்கிறாள். பெத்த மனம் பித்து. கையைப் பிடித்து வேனில் ஏற்றிவிட்டு வந்தேன்.

பள்ளிக்கூட வாசலில் வழக்கம்போல் குனிந்து, "அப்பா வேலைக்கு..." என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஆள் இல்லை. உள்ளே போய்விட்டாள். ஜன்னல் ஓரத்திலும் இல்லை, நடுவில் ஏதோ ஒரு பெண்ணோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அங்கேயே நின்றிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து கேட்டுக்கு வந்தாள்.

"அப்பா, இன்னும் போலியா? பெட்ரோல் இல்லியா?"