எட்டாவது பாட்டு

மாப்ளே,

நேற்று மத்தியானம் உன் மகள் என் ஏலக்காய்க் கடைக்கு வந்திருந்தாள். வீட்டைக் காலி செய்தபோது பீரோவுக்குப் பின்னால் கிடந்தது என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். பிரித்தால் நம் ரெக்கார்டு. நம் என்று எழுதிவிட்டேன், உன் ரெக்கார்டு. அட்டையில் நீ, உன் தம்பி, மவுத் ஆர்கன் அந்தோணி மூவரும் கோட்டு போட்டுக்கொண்டு மெட்ராசில் ஏதோ ஒரு பூங்காவில் செடியோரம் நிற்கிறீர்கள். கல்யாணத்துக்கே கோட்டு போடமாட்டேன் என்று அடம்பிடித்தவன் நீ. நாலாவதாக, நான் நிற்க வேண்டிய இடத்தில், யாரென்றே தெரியாத ஒரு சிவத்த ஆள் டிரம் குச்சியைப் பிடித்திருக்கிறான். அதையும் தலைகீழாகப் பிடித்திருக்கிறான்.

"அப்பாகிட்ட இதப் பத்திப் பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவாரு மாமா. போட்டுக் கேக்கவும் மிசின் இல்ல. பாட்டெல்லாம் நல்லா இருக்குமா?" என்று கேட்டாள்.

நான் டீ சொல்லி அனுப்பினேன். அவள் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தேன். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அந்த ரெக்கார்டு விஷயத்தில் நான் செய்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ கண்ணை மூடி ஆறு மாதமாகிறது. "தாளத்தத் தவிர எல்லாத்துலயும் லேட்டுடா நீ" என்று சொல்லுவாயே, சொல்லிக்கொள்.

எழுபதுகளின் கடைசி அது. குரங்கணிக்கு மேலே உங்கள் அப்பாவுடைய ஏலத்தோட்டம், அதில் காய் உலர்த்தும் ஸ்டோர். காய் எடுப்பு முடிந்து மாசியில் ஸ்டோர் காலியானால் அது நம்முடையது. கம்பி வலைத் தட்டுகளை ஓரமாக அடுக்கிவிட்டு, தரையில் சாக்கு விரித்து உட்காருவோம். தகரக் கூரை, பலகைச் சுவர், ஏலக்காய் ஏறிப்போன காற்று. நீ கிட்டாரை ஒரு தடவை மீட்டினால் கூரை அதைத் திருப்பிச் சொல்லும். சினிமாப் பாட்டு பாடுவதில்லை என்று பிடிவாதம் பிடித்தாய். எல்லாம் சொந்தப் பாட்டு. ஜீப்பு ரோட்டைப் பற்றி ஒன்று, காய் பொறுக்கும் பெண்களின் முதுகுவலியைப் பற்றி ஒன்று. தேவாரம் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் இதைப் பாடப்போய், மாப்பிள்ளையின் சித்தப்பா மைக்கைப் பிடுங்கினாரே, அன்று நாம் சிரித்த சிரிப்பில் அந்தோணி மவுத் ஆர்கனைத் தொலைத்துவிட்டு வந்தான்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு எஸ்டேட்டில் வாசித்தபோது கேட்ட மெட்ராஸ்காரர் ஒருவர், பெரிய ரெக்கார்டு கம்பெனிக்கு நம்மைச் சொல்லிவிட்டார். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பாடுகிறவரும் மற்ற இரண்டு பேரும் வந்தால் போதும், டிரம் வாசிக்க எங்களிடம் ஆள் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தாய். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு மாப்ளே. இங்கனயே கிழிச்சுப் போட்டுர்றேன்."

"கிறுக்கா ஒனக்கு? வெரசாப் போய்ப் பாடிட்டு வா. எனக்குக் கடையில ஆயிரம் சோலி கெடக்கு" என்றேன்.

நீ கிழித்திருப்பாய். அது எனக்குத் தெரியும். அதனால்தான் போகச் சொன்னேன். உன் கிட்டாரை நானே ரயில் வரைக்கும் தூக்கி வந்தேன். வீட்டுக்குத் திரும்பி, டிரம்மின் மேல் இரண்டு சாக்கைப் போட்டு மூடினேன். 

ரெக்கார்டு வந்தது. அதை உலகம் வரவேற்ற விதத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்று நாலே வரியில் 'கிராமத்து இளைஞர்களின் நல்ல முயற்சி' என்றது. "முயற்சியாம்ல! நாங்க என்ன பத்தாங் கிளாஸ் பரீட்சையா எழுதுனோம்?" என்று கத்தினாய். இன்னொன்று மேல்நாட்டு மோகம் என்று திட்டியது. உங்கள் சபையில், கர்த்தரைப் பற்றி ஒரு பாட்டாவது சேர்த்திருக்கலாம் என்று குறைப்பட்டார்கள். தோட்டத்துக் கங்காணி, மலையாளத்து ஆள், டீக்கடையில் முழுதும் கேட்டுவிட்டு "கொள்ளாம்" என்று ஒரே வார்த்தை சொன்னார். நல்லாத்தான் இருக்கு என்று அர்த்தம். உனக்கு அதுதான் பிடித்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தாய். நான் "பிரமாதம் மாப்ளே" என்றேன்.

அதே வாரம் மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சிறுபத்திரிகைக்கு விமர்சனம் எழுதி அனுப்பினேன். 'செவியன்' என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஏழு பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்தேன். இத்தனை வயலின் எதற்கு, பாடுகிறவன் மூச்சு விடுகிற சத்தத்தை ஏன் துடைத்தீர்கள், இந்த டிரம் மனிதன் அடித்ததா கடிகாரம் அடித்ததா என்று கேட்டேன். பொய் இல்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் அதை எழுதும்போது எனக்கு ஒரு குஷி இருந்தது. அந்தக் குஷி நல்ல குஷி இல்லை.

நீ அந்தப் பத்திரிகையோடு கடைக்கு வந்த நாளை எப்படி மறப்பேன். காய் சீசன் தொடங்கியிருந்தது. முன்னால் தாம்பாளத்தில் சாம்பிள் காய் கொட்டி, நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ மூட்டை மேல் உட்கார்ந்து முழுவதையும் சத்தமாக வாசித்தாய்.

"எவன்டா இவன்?"

"எவனோ மதுரைக்காரன்" என்றேன், காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நீ ஒரு பத்தியை மட்டும் மறுபடியும் வாசித்தாய். 'வெரசாக் காய வேண்டும் என்று அடுப்பைக் கூட்டினால் காய் வாய் பிளந்துவிடும், பச்சை போய் வெளுத்துவிடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வாசம் இருக்காது. இந்தப் பாட்டுகளுக்கும் அதுதான் நேர்ந்திருக்கிறது.' பிறகு தாம்பாளத்தில் கையை விட்டு ஒரு காயை எடுத்தாய். நகத்தால் பிளந்து பார்த்தாய். என் உள்ளங்கையில் வைத்தாய்.

"மதுரைக்காரனுக்கு ஸ்டோர் அடுப்பப் பத்தி எப்படி மாப்ளே தெரியும்?"

பெயரை மறைத்தேன், புத்தியை மறைக்கத் தெரியவில்லை. காய் வியாபாரி எதை எடைபோட்டாலும் காயாகத்தான் பார்ப்பான் போல. 

"எழுதுனது தப்பில்ல. நாலு பேரு எழுதுனதுல இவன் ஒருத்தந்தான் காதக் குடுத்துக் கேட்டுருக்கான். ஆனா எம் மூஞ்சிக்கு நேரா பிரமாதம்னியே, அதான்டா..." என்று சொல்லி எழுந்து போனாய். 

அந்த சீசன் முழுக்க நீ என் கடை இருக்கும் தெருப்பக்கம் வரவில்லை. உங்கள் தோட்டத்துக் காயைக்கூட வேறு கடைக்கு அனுப்பினாய். கம்பெனி இரண்டாவது ரெக்கார்டுக்குக் கூப்பிடவில்லை, முதலாவது விற்கவில்லை என்று அந்தோணி சொன்னான். சில நூறு பேர் படிக்கும் பத்திரிகையால் எந்த ரெக்கார்டும் விற்காமல் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாசி பிறந்ததும் ஒரு காலையில் ஜீப்பை வாசலில் நிறுத்தி, இறங்காமலே கேட்டாய்: "ஸ்டோரு காலியாயிருச்சு. டிரம்மத் தூக்கிட்டு வர்றியா, இல்ல எழுதிக்கிட்டே இருக்கப் போறியா?"

மலை ஏறும்போது ஒரு நிபந்தனை போட்டாய். இனி எந்தப் பாட்டானாலும் முதலில் என்னிடம் பாடுவாய், நான் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அதன்பிறகு எண்பதுகள் முழுக்க ஒவ்வொரு கோடையும் அப்படித்தான் போயிற்று. பாடி முடித்ததும் "பச்சையா, வெளுப்பா?" என்பாய். வெளுப்பு என்றால் முறைப்பாய், மறுநாள் மாற்றிக்கொண்டு வருவாய். என் ஆயுசில் அதைவிட சந்தோஷமான கோடைகள் கிடையாது. உன்னை அண்ணன் தம்பிகளைவிட நேசித்தேன். இதையும் நேரில் சொன்னதில்லை.

அந்த முதல் கோடையிலேயே ஒரு நாள், தந்தியை முறுக்கிக்கொண்டே கேட்டாய்.

"ஏழு பாட்டப் பத்தித்தான எழுதியிருந்த. ரெக்கார்டுல எட்டு இருக்கே. கடைசிப் பாட்டு எப்படி?"

"அதுவும் அப்படித்தான், வெளுப்பு" என்றேன்.

நீ தலையை ஆட்டினாய். உள்ளதைச் சொல்வேன் என்று நான் வாக்குக் கொடுத்து பத்து நாள்கூட ஆகவில்லை, நீ அதை நம்பினாய். அந்தப் பாட்டை அதற்குப் பிறகு நீ பாடவே இல்லை. ஸ்டோரில் பாடவில்லை, உன் மகளைத் தூங்கவைக்கக்கூடப் பாடவில்லை என்று நேற்றுதான் தெரிந்துகொண்டேன். கிளம்பும்போது அட்டையில் அதன் பெயரைக் காட்டி, இப்படி ஒரு பாட்டை அப்பா பாடிக் கேட்டதே இல்லையே என்றாள்.

மாப்ளே, மலையில் பனிமஞ்சு இறங்குவதைப் பற்றிய அந்தப் பாட்டை, ரெக்கார்டு வந்த அன்றே பிளேயர் வைத்திருந்த போட்டோ ஸ்டூடியோக்காரர் வீட்டில் கேட்டேன். அவர் காபி போட உள்ளே போயிருந்தார். அவர் வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மறுபடி போடச் சொன்னேன், சாக்குச் சொல்லி மூன்றாவது முறையும் கேட்டேன். நீ இழுத்த இழுப்புக்குப் பின்னால் அந்த வயலின்கள் மெதுவாக வந்து சேர்ந்த மாதிரி எதையும் நான் அதற்கு முன் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. ஸ்டோரில் நாம் நாலு பேரும் அதைப் பத்துத் தடவை வாசித்திருக்கிறோம். ஒரு தடவைகூட அது அப்படி வரவில்லை.

விமர்சனத்தில் அதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்தேன். ஏன் நன்றாக இருக்கிறது என்று எழுத வேண்டுமே. காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பாட்டில் மட்டும் டிரம் இல்லை.