இமையில் ஜிகினா

பிப்ரவரி 9

இன்று அண்ணியிடம் சொல்லாதது: கண் உறுத்துகிறது.

சமையலறை ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து, இமைகளில் பசை தடவி, நீல ஜிகினாவை விரல்நுனியால் ஒற்றி ஒற்றி வைத்தார். "ஆடாதே பண்டிதை, மூஞ்சியை நேரா வெச்சுக்கோ." பிறகு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்துச் சிரித்தார். அவர் வேலை பார்த்த அலுவலகத்தை இழுத்து மூடிய பிறகு இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. அதைக் கேட்டுவிட்டு எப்படிச் சொல்வது? "சூப்பர் அண்ணி" என்றேன். கண்ணில் வந்த நீரை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

மேக்கப் கற்றுக்கொண்ட அண்ணிக்கு முதல் பெரிய வேலை. நடனப் பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சி. குழந்தைகள் எல்லாரும் மீன்கள். இமை மினுமினுக்க வேண்டும் என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

ஜிகினா என் பரிசு. நான் வேலை பார்க்கும் ஸ்டேஷனரி கடையில் வாங்கியது. குட்டி வட்ட டப்பாக்கள், பார்த்தாலே ஆசையாக இருக்கும்.

பிப்ரவரி 10

சோப்பில் ஜிகினா. தலையணையில் ஜிகினா. "ஆபீஸ்ல மேனேஜர் என் காதையே பார்க்கறார்" என்று அண்ணன் புலம்பினான். "பார்க்கட்டும், உங்ககிட்ட வேற என்ன மினுக்குது" என்றார் அண்ணி.

அவர் அந்தப் பக்கம் போனதும் அண்ணன் தணிந்த குரலில், "இப்பதான் எழுந்து உட்கார்ந்திருக்கா. நீ எதையாவது படிச்சுட்டு வந்து குறை சொல்லி வைக்காதே" என்றான்.

நான் குறை சொல்கிறவளா?

பிப்ரவரி 11

இடது கண் சிவந்திருக்கிறது. தூசு விழுந்தது என்று சொல்லிவைத்தேன்.

பிப்ரவரி 12

கருவிழியில் மெல்லிய கீறலாம். ஆறிவிடும் என்று கண் டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். "இமையில போட்டது மேக்கப் ஜிகினாவா, அட்டையில ஒட்டறதா?"

தெரியவில்லை. கடையில் அதை அடுக்குகிறவளுக்கே தெரியவில்லை.

கடைக்குப் போய்ப் பின்கட்டில் தேடினேன். டப்பாக்கள் வந்த அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம்: 'கைவினைக்கு மட்டும்.' டப்பாவில் ஒன்றும் இல்லை. டப்பாக்களை எடுத்து ஷெல்ஃபில் வைத்து, பெட்டியை மடக்கி மூலையில் போட்டது நானேதான்.

பிப்ரவரி 13

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தூளே இல்லை அது. ஒவ்வொன்றும் ஓர் அறுகோணம். பிளாஸ்டிக் தாளுக்கு அலுமினியம் பூசி, நிறம் ஏற்றி, இயந்திரம் வெட்டித் தள்ளுகிறது. அறுகோணமாக வெட்டினால் இடையில் எதுவும் வீணாகாது. தேனீயின் கணக்கு. ஆனால் தேனீ அதை யார் கண்ணிலும் பூசுவதில்லை. முகத்துக்கான வகை இன்னும் பொடியாக, கண்ணுக்கு ஒத்துக்கொள்ளும் சாயத்தோடு தனியாக வருகிறது.

மனிதர்களுக்கு மினுக்கும் ஆசை புதிதில்லை. குகைச் சுவர்களில் அபிரகம் என்ற பளபளக்கும் கனிமத்தைக் கலந்து வரைந்திருக்கிறார்கள். பிறகு கண்ணாடியை நொறுக்கி வாழ்த்து அட்டைகளில் தூவினார்கள். வெட்டுகிற இயந்திரம் வந்து நூறு வருஷம்கூட ஆகவில்லை. அபிரகத்துக்குத் தமிழில் காக்காப்பொன் என்று பெயர். காக்காய்க்குப் போதுமான பொன் என்று யாரோ கேலி செய்திருக்க வேண்டும். அரைத்தால் மாவாகிவிடும், முகப்பூச்சுகளில் பளபளப்பது பெரும்பாலும் அதுதான். சுரங்கம் தோண்டாமல் ஆலையில் செய்கிற வகையும் உண்டு.

இவ்வளவும் படித்தாயிற்று. நாளைக்கு ஒத்திகை. குழந்தைங்க கண்ணைக் கசக்குவாங்க — கசக்காத குழந்தை ஏது? இன்னும் ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கறேன்? அண்ணி திரும்பப் படுத்துடுவாங்கன்னு பயமா, இல்ல என் பரிசு தப்புன்னு ஒத்துக்கணுமேன்னா?

பிப்ரவரி 14

காலையில் அண்ணி மேக்கப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

"அண்ணி, அந்த ஜிகினாவைக் கண்ணுல போடாதீங்க. அது அட்டைக்குப் போடறது, பூதக்கண்ணாடியில பார்த்தா ஓரமெல்லாம் கூர். நான்தான் பார்க்காம வாங்கிட்டேன். என் கண்ணுல கீறல் விழுந்திருக்கு."

"எப்போ?"

"அன்னிக்கே."

"சூப்பர் அண்ணின்னு சொன்னே."

அண்ணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்; மாதக்கணக்கில் கேட்ட சத்தம். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு மூடிய கதவைப் பார்த்தான். திட்டியிருக்கலாம்.

கதவு திறந்தது. "பூதக்கண்ணாடியில பார்த்தியா? எடு அதை."

டப்பாவில் இருந்ததை அதன் வழியே பார்த்தார். "அடியம்மா, ரம்பம்." பிறகு என் முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தார். "தப்பான தூள் வந்தா மாத்திக்கலாம். ஒரு வார்த்தை சொன்னா நான் உடைஞ்சு போயிடுவேன்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்க பாரு, அதுதான் எனக்கு ஆறல."

டீச்சருக்கு போன் போட்டு உள்ளதைச் சொன்னார். இன்றைய ஒத்திகை இமைப்பூச்சு இல்லாமல் நடக்கட்டும் என்றாராம் டீச்சர். நிகழ்ச்சிக்குள் வேறு வழி செய்யாவிட்டால் வேறு ஆள் பார்ப்பாராம். "செய்றேன்" என்றார் அண்ணி.

பிப்ரவரி 17

அண்ணி மேக்கப் கடையிலிருந்து அபிரகத் தூள் வாங்கி வந்து, முதலில் தன் இமையிலேயே பூசிப் பார்த்தார். மங்கல். "செத்த மீன்" என்றார்.

பிப்ரவரி 18

தூரிகையை நனைத்துத் தொட்டார். விளக்குப் போட்டதுபோல் எழுந்தது வெள்ளி. அண்ணி கண்ணாடி முன்னாலிருந்து நகரவே இல்லை.

நீல ஜிகினாவை என்ன செய்வது என்றேன். "அட்டைக்குன்னுதானே போட்டிருக்கு? அட்டையில வால் செய்வோம்."

பிப்ரவரி 20

வீடு முழுக்க மீன்வால்கள் காய்கின்றன. அண்ணன் செதில் ஒட்டுகிறான். "பொண்ணு பார்க்கப் போனப்போ யாரும் இதைச் சொல்லல" என்கிறான்.

பிப்ரவரி 22

மேடைக்குப் பின்னால் அண்ணி ஒவ்வொரு குழந்தையிடமும் குனிந்து சொன்னார்: "உறுத்தினா உடனே சொல்லிடணும். ஆன்ட்டிக்குக் கோவம் வராது."

"மூக்கு அரிக்குது, அதையும் சொல்லணுமா?" என்றது ஒரு மீன்.

"அதையும் சொல்லு."

மேடையில் வெளிச்சம் விழுந்தபோது இமைகள் வெள்ளியாகவும் வால்கள் நீலமாகவும் அசைந்தன. நான் நடனத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கைகூடக் கண்ணுக்குப் போகவில்லை.

ஏப்ரல் 3

நாடகக் குழு ஒன்று அண்ணியைக் கூப்பிட்டிருக்கிறது. இன்று என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, புதிதாக வாங்கிய பச்சையை இமையில் வைத்தார்.

"உறுத்துதா?"

"கொஞ்சம்."

உடனே துடைத்துவிட்டு, அடுத்த டப்பாவைத் திறந்தார்.