கிரேக்கப் படத்தின் முடிவு

ஸ்காபரோ
14.11.1996

அன்புள்ள மகள் நிரூபாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம், குளிரோடு அவருடைய முழங்கால் நோவு மட்டும் கூடியிருக்கிறது. வன்கூவரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, பயமில்லாமல் நித்திரை கொள்கிறாய் என்று அறிந்தால்தான் எங்கள் சுகம் முழுமையாகும்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமி பிறம்ரனிலிருந்து வந்தார். கூட்டிவந்த மகன் ஜனார்த்தன் மேலே வரவில்லை, கீழே எஞ்சினை நிறுத்தாமல் காருக்குள்ளேயே இருந்தான். மாமி கேட்டது உன் விலாசம் ஒன்றைத்தான். "என்ர பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறான் மச்சாள், புருசன் பெண்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும், விலாசத்தைத் தாங்கோ, அவன் போய்க் கூட்டிக்கொண்டு வருவான்" என்றார். உன் நெற்றிக் காயத்தை நான் நினைத்துக்கொண்டு தேநீர் ஊற்றினேன். அப்பா இளகிவிட்டார். உங்கள் கலியாண வீடியோவைப் பார்த்தால் எல்லாருக்கும் மனம் ஆறும் என்று தானே கசெற்றை டெக்கில் போட்டார். பொன்னுருக்கு ஓடியது, மாப்பிள்ளை அழைப்பு ஓடியது, மாமி அழத் தொடங்கினார். கெட்டிமேளம் முழங்க அவன் தாலியைத் தூக்கவும் படம் நடுங்கி, பலமொழிச் சனலில் போகும் தமிழ் நிகழ்ச்சி வந்தது, அது முடிய ஒரு கிரேக்கப் படம். எல்லாம் அப்பாவின் வேலை. எந்தக் கசெற் என்று பாராமல் தமிழ் நிகழ்ச்சியைப் பதிய விட்டு, கதிரையிலேயே நித்திரையாகிப் போயிருக்கிறார்.

ஒருவரும் நிறுத்தவில்லை. துறைமுகத்தருகே ஒரு வீடு, ஒரே மேசையில் புருசன், பெண்சாதி, அவன் தாய். அழுகையைக் காட்டி ஆளை மடக்குகிற படங்களை நான் நம்புவதில்லை, இதில் ஒருவரும் அழவில்லை. பெண்ணின் புருவத்தில் பிளாஸ்ரர், அதைப்பற்றி ஒரு கதையும் இல்லாமல் மீன் சாப்பிட்டார்கள். "உவள் ஏன் வாய் திறக்கிறாளில்லை?" என்று மாமி கேட்டார். கீழே ஓடிய ஆங்கில எழுத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கோப்பை கழுவும்போது அந்தத் தாய் மருமகளைப் பார்க்காமலே, இவன் தகப்பனும் இப்படித்தான், நான் போகவில்லை, நீ போ, என்றாள். அதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மாமி தன் மணிக்கட்டைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் பையோடு கப்பலடியில் நிற்கும்போது கசெற் முடிந்துவிட்டது. கீழே ஜனார்த்தன் ஹோண் அடித்தான். மாமி எழும்பவில்லை. "பிறகு அவள் கப்பல் ஏறினவளோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. "ஓம், ஏறிட்டாள்" என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமி கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "உங்களுக்கும் விலாசம் தெரியாதாம் எண்டு அவனிட்டைச் சொல்லுறன்" என்றார். அவன் திரும்பவும் ஹோண் அடித்தான்.

அவன் இதோடு விடமாட்டான், வேறு வழியில் தேடுவான். அழைப்பு மணி கேட்டால் யாரென்று தெரியாமல் கதவைத் திறக்காதே, ரெலிபோனை உனக்கு இடம் தந்த கிளடிஸ் எடுக்கட்டும், அவளுக்கும் என் அன்பைச் சொல். அப்பா இரண்டு நாளாகக் கதைக்காமல் இருந்துவிட்டு, நேற்று உனக்குக் குளிருக்கு மொத்தமான கம்பளிச் சால்வை ஒன்று வாங்கி வந்தார், பார்சலில் வரும்.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க எங்கள் இருவரின் ஆசியும். மாமிக்கு ஒரு முடிவு சொல்லிவிட்டேன் பிள்ளை, அதைப் பொய்யாக்கிவிடாதே.

உன் அன்புள்ள அம்மா,
கோணேஸ்வரி