அத்தானின் தீர்ப்பு

நவம்பர் 12, ஞாயிறு

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, மாலைத் தேநீரை அக்கா வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் குடிப்பது என்று இன்று முடிவெடுத்தேன். அமெரிக்கக் கொலை வழக்கு ஒன்றைப் பற்றிய ஆவணப்படம் ஓடியது. கூண்டில் நின்றவர் புகழ்பெற்ற கறுப்பின நடிகர்.

“தோலைப் பார்த்தா தீர்ப்புச் சொல்றது? மனுசனுங்களா இவனுங்க!” அத்தான் கண் கலங்கினார்.

அவர் மகள் சுமதி உடனே கேட்டாள்: “அப்ப மாறனை நான் கட்டிக்கலாமாப்பா?”

மாறன் கடலுக்கு அக்கரையிலுள்ள பிறை நகரத்தில் எஞ்சினியர். தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் பேரன், நிபோங் திபால் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன்.

“அது வேற லா, பிள்ளை. அவங்க யாழ்ப்பாணத்து ஆளுங்களா?”

அத்தானின் தாத்தா அங்கிருந்து வந்தவர்; அத்தான் யாழ்ப்பாணத்தை வரைபடத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார். நியாயம் சுமதி பக்கம்தான் என்று தயங்காமல் சொன்னேன். அக்கா எனக்கு இன்னொரு வடை வைத்தாள்.

ஆறரை மணிக்குச் சுமதி பெட்டியோடு ஃபெரி ஏறிப் பிறைக்குப் போனாள்.