இடப்பக்கத்துச் சக்கரம்

இன்று காலை உன் வீட்டு முற்றத்தில் அந்தச் சத்தத்தை மறுபடி கேட்டேன். 'டக்'. ஜீப்பை விலைக்குப் பார்க்க வந்தவர் கூட்டி வந்த மெக்கானிக், தார்ப்பாயை விலக்கி, முன்சக்கரத்தின் நடுவிலிருக்கும் குமிழைத் திருகினார். காய்ந்த ஏரிச்சேறு பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபக்கமும் போய்ப் பார்த்துவிட்டு, "ரெண்டுமே ஃப்ரீயிலதான் இருக்குது" என்றார். விலை பேசும்போது கூட இருக்க என்னை வரச் சொல்லியிருந்த உன் மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவன் நீ. நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்ந்தவன். இருவருக்கும் ஒரே வயது. பேச ஆளில்லாத குறைக்கு அந்தப் பழைய ஜீப் நம்மைச் சேர்த்து வைத்தது. கியருக்குப் பக்கத்திலிருக்கும் லீவரைத் தள்ளினால் நான்கு சக்கரமும் இழுக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "லீவர் பாதி வேலை வாத்தியாரே. எறங்கிப் போய் முன்சக்கரத்துக் குமிழ் ரெண்டையும் கையால லாக்குக்குத் திருப்பணும். இல்லன்னா பின்சக்கரம் மட்டுந்தான் ஒழைக்கும்" என்றாய். எனக்கு உடனே ஓர் உதாரணம் வந்துவிட்டது. மோட்டாரைப் போட்டாயிற்று, மடையைத் திறக்கவில்லை என்றால் வயலுக்கு எப்படித் தண்ணீர் பாயும்? நீ சிரித்தாய். "நான் ஒரு வரியில சொன்னத நீ ஒரு பீரியடு நடத்துவ."

அன்றிலிருந்து அது நம் பழக்கமாகிவிட்டது. தார் ரோடு முடிந்து மண் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்துவாய். "எறங்கு வாத்தியாரே" என்பாய். வலப்பக்கம் உன்னுடையது, இடப்பக்கம் என்னுடையது. நான் 'டக்' என்று திருப்பிவிட்டு "ஆச்சு" என்பேன். அந்தப் பக்கமிருந்து உன் "ஆச்சு" வரும். பனமலை ஏரிக்கு அப்பால் வேர்க்கடலை போட்டிருந்த உன் மணிலாக் கொல்லைக்கு ஏரி ஓரமாகப் போகும்போதெல்லாம் இதுதான். எத்தனை முறை என்று கணக்கில்லை.

மரக்காணம் கடற்கரையில் ஒருநாள் டயர்களிலிருந்து நீ காற்றை இறக்கியதைப் பார்த்துப் பதறினேன். காற்று குறைந்த டயர் ஒட்டகப் பாதம்போல் பரந்து மணலில் மிதந்தது. இமயமலைப் பனியில் ஓட்டிய கதையையும் அன்றுதான் சொன்னாய். தூங்குகிற பிள்ளைமேல் போர்வை போடுவதுபோல் ஆக்சிலேட்டரைத் தொட வேண்டுமாம். "மணல்ல காத்தக் கொற, பனியில காலக் கொற, சேத்துல வாயக் கொற" என்றாய். கடைசியது எனக்கென்றே சேர்த்தது என்று தெரியும். எனக்கும் அங்கேதான் ஓட்டக் கொடுத்தாய். மூன்றாவது முறை புதைந்தபோது, "பரவால்ல, கடலுக்குள்ள வுடல" என்றாய்.

அந்த மழைக்கால மத்தியானம் கொல்லையில் பம்புசெட் அருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். சட்டையெல்லாம் வியர்வை. உன்னை இடப்பக்கத்து இருக்கையில் ஏற்றினேன். ஊரைச் சுற்றிப் போகும் வழி ஜல்லி போட்ட மெட்டல் ரோடு, ஆனால் தூரம்; மழை என்று காலையில் அதில்தான், எங்கும் இறங்காமல், வந்திருந்தோம். ஏரி ஓரமாகப் போனால் கால்வாசி நேரம்தான். ஏரி ஓரத்தையே எடுத்தேன். லீவரைத் தள்ளினேன். லீவரைத் தள்ளியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இறங்கவில்லை.

நீ சொல்லாமல் நான் ஒருநாளும் இறங்கியதில்லை. சொன்னால்தான் கணக்கைப் போடுவேன் என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எத்தனை வருடம் திட்டியிருப்பேன். அன்று "எறங்கு" என்று சொல்ல உனக்கு மூச்சில்லை.

பாதி வழியில் பின்சக்கரங்கள் சுழன்று சேற்றை வாரி இறைத்தன. நீ நெஞ்சிலிருந்து கையை எடுத்து, விரல்களைக் குவித்து, காற்றில் ஒரு திருகு திருகிக் காட்டினாய். நான் ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்கிறாய் என்று எண்ணி முழுக்க ஒடித்தேன். வண்டி இன்னும் அழுந்தியது. மறுபடியும் திருகிக் காட்டினாய். மறுபடியும் ஒடித்தேன். அதன்பின் நீ காட்டவில்லை. முன்னால் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டு ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். டிராக்டர் வந்தபோது உன் உடம்பில் சூடு மட்டும்தான் இருந்தது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் உன் முற்றத்துக்கு வந்தேன். டிராக்டர் இழுத்து வந்து நிறுத்தியிருந்த வண்டியின் இடப்பக்கத்தில் குனிந்து சேற்றைத் துடைத்தேன். குமிழிலிருந்த கோடு லாக்குக்கு வராமல் ஃப்ரீயில் நின்றது. நீ காற்றில் திருகிக் காட்டியது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. லாக்குக்குத் திருப்பி வைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. கை வைத்தேன். எடுத்துவிட்டேன். நான் செய்த ஒரே நேர்மையான காரியம் அதுதான். உன் மனைவியிடம் சொல்ல வேண்டியதை அன்றும் சொல்லவில்லை, அதன்பின் இந்த எட்டு மாதத்திலும் சொல்லவில்லை. பார்க்கும்போதெல்லாம் அவள், "நீங்க கூட இருந்ததால அவரு அனாதையா போவல அண்ணே" என்கிறாள். அந்த நன்றியைத் தாங்க முடியாமல்தான் அவள் கோயிலுக்கு வரும் நேரம் பார்த்து அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறேன்.

இன்று மெக்கானிக் ஓட்டிப் பார்க்க ஏறும்முன், "பெரியவரே, அந்தப் பக்கத்தக் கொஞ்சம் லாக்குல போடுங்க" என்றார். குனிந்து திருப்பினேன். அரைத் திருகு. ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. வாய் தானாக "ஆச்சு" என்றது. வலப்பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. அவர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார். மழையில் ஊறியிருந்த முற்றத்திலிருந்து ஜீப் ஒரு குலுக்கலுமில்லாமல் வெளியேறியது.

"ஃப்ரீயில இருக்குதுன்னாரே, அப்டின்னா இன்னா அண்ணே?" என்று கேட்டாள் உன் மனைவி.

என் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகள் வாயால் நான் கேட்க விரும்பிய கேள்வி இப்படிப்பட்டதுதான். எந்தப் பிள்ளை கேட்டாலும் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குத் திரும்பிவிடுவேன். மோட்டார், மடை, வயல் எல்லாம் நாக்கின் நுனியில் இருந்தன.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, "சாப்ட்டுட்டுப் போங்க" என்று உள்ளே போனாள். இலை போடும் சத்தம் கேட்டது. குமிழிலிருந்த சேறு என் விரலிடுக்கில் இன்னும் இருந்தது. கையைக் கழுவாமலே கிளம்பி வந்துவிட்டேன்.